வெஞ்சனமும் வெஞ்சினமும்

சைதூனுக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. பிறவிக் குணம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் இறங்கவே மனசு வராது. அப்பேர்ப்பட்டவளின் போன் மேல் இன்னொருத்தர் கண் வைத்ததுதான் வேடிக்கை.

செம்பட்டி சாலையில் இருக்கும் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். மத்தியானம் பெண்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரே நாளில் எல்லாரும் உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து முழிக்கக் கூடாதே என்று வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். பேர், 'வெஞ்சனம்'. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைத் திண்டுக்கல்லில் வேறு என்னவென்று சொல்வார்கள்? ஆனால் பேச்சு பொரியலோடு நிற்குமா! மாமியார் வந்தாள், சூப்பர்வைசர் வந்தார், ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் காய்கறிப் பேர் விழுந்தது. போன வாரம் லூர்தம்மாள் எழுதினாள்: 'அக்கா, எனக்கு மூணு மாசம். வெளிய யார்ட்டயும் சொல்லிராதீக.'

அந்த மெசேஜ் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. லூர்தம்மாளுக்கு மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். போன வருசம் ஒருத்திக்கு வயிறு தெரிந்ததுமே, "நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்று அனுப்பிவைத்த புண்ணியவான்கள் இந்தக் கம்பெனிக்காரர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது எச்.ஆர். சிவபிரகாஷ் சைதூனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சென்னைக்காரர், நெட்டை மனுஷர், கவிதை வேறு எழுதுவாராம்.

"ஒரு பொண்ணு போன்ல தற்செயலாப் பார்த்தேன். 'வெஞ்சினம்'னு ஒரு குரூப். நீங்கதான் அட்மினாமே? வெஞ்சினம்னா கடுங்கோபம், தெரியும்ல? அதுல 'நாளைக்குக் கத்திரிக்காயை ஒரு வழி பண்ணிரலாம்'னு ஒரு மெசேஜ். யாரும்மா அந்தக் கத்திரிக்கா?"

சைதூனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "அய்யோ சார், அது வெஞ்சினம் இல்ல, வெஞ்சனம். சோத்துக்குத் தொட்டுக்கிறது. கத்திரிக்கா நெசமாவே கத்திரிக்காதான்."

"அப்ப காட்டுங்க." கையை நீட்டினார்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. திறந்தால் முதலில் கத்திரிக்காய் வரும், செத்த நேரத்தில் லூர்தம்மாளின் மூணு மாசமும் வரும். யா அல்லா, என்ன சொல்லித் தப்பிப்பது? பொய் ஒன்றும் தோன்றவில்லை. வழக்கமாக வருகிற கேள்விதான் வாயில் வந்தது.

"தெரியாமத்தான் கேக்குறேன் சார். இது என் சொந்த போனு. இதுல வார மெசேஜை நீங்க பாக்கலாம்னு சட்டத்துல இருக்கா?"

சிவபிரகாஷுக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே ஜாதி. கம்பெனி வக்கீல் ஆனந்தமேரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சைதூனும் தன் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"கம்பெனி குடுத்த போனா, அந்தம்மாவோட சொந்த போனா?" என்று கேட்டார் வக்கீல்.

"சொந்த போன்."

"அப்ப தொடாதீங்க சார். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. ஒரு கம்பெனி எம்புட்டு தூரம் போகலாம்னு கோர்ட்ல வாதாடலாம், அது வேற கதை. அவங்களா இஷ்டப்பட்டுக் காட்டுனா பாருங்க. மிரட்டி வாங்குனா மாட்டிக்கப் போறது நாமதான்."

போனை வைத்துவிட்டு சிவபிரகாஷ் குரலை இறக்கினார். "சரி, நான் மிரட்டல. நீங்களாவே காட்டலாமே? வெறும் சாப்பாட்டுப் பேச்சுன்னா மறைக்க என்னம்மா இருக்கு?"

கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருந்தது, அதுதான் எரிச்சல். சைதூனுக்குக் கோபம் சுள்ளென்று வந்தது.

"டிபன் பாக்ஸ்லயும் வெறும் சோறுதான் சார் இருக்கு. அதுக்காக மூடி போடாமயா தூக்கிட்டு வாரோம்?"

அந்நேரம் பார்த்து மேசைமேல் இருந்த போன் மின்னியது. 'வெஞ்சனம்: அக்கா, சொரக்கா உங்கள என்ன கேக்குது?' சைதூன் வெடுக்கென்று எடுப்பதற்குள் அவர் படித்துவிட்டார்.

"சொரக்காவா? அது... நானா?"

"அது எங்க அந்தரங்கம் சார்."

அவர் தன் நீளக் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார்.

மாதக் கடைசியில் லூர்தம்மாளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட்டவர் சிவபிரகாஷ்தான். அன்று மத்தியானம் பெண்கள் சாப்பிடுகிற இடத்துக்கு வந்து நின்றார்.

"இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" இந்தத் தடவை சரியாகச் சொன்னார்.

சைதூன் டிபன் பாக்ஸின் மூடியைத் தானாகவே திறந்து நீட்டினாள். சுரைக்காய்க் கூட்டு. ஒருத்தியும் தலையை நிமிர்த்தவில்லை.

அவர் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. இப்பவாவது சொல்லுங்க, நான்தானே?"

இத்தனை நாளும் துப்பட்டாவை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்த லூர்தம்மாள்தான் முதலில் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.