கோமகன் கைதட்டிய இடம்

கிரைஃபன்டால் கோமகன் இறந்த பிறகும் பத்து வருடத்துக்கு மேல் ஓர் இசைநாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அங்கத்தில், அரங்கில் தன் மாடத்தில் உட்கார்ந்தபடியே உயிர் போயிற்று.

அதை எழுதியவர் அரண்மனை இசையமைப்பாளர் வெண்டலின் கோப்கெ. அதற்கு முன் எழுதிய ஆறிலும் ஆள் சாகாத அங்கமே கிடையாது. ஒன்றுக்குக்கூடக் கைதட்டல் கிடைத்ததும் கிடையாது. எங்கள் ஊர் வழக்கம் அப்படி: கோமகன் தட்டாமல் யாரும் தட்டக்கூடாது, அவர் எழாமல் யாரும் எழக்கூடாது, அவர் இருக்கும்வரை பாட்டு நிற்கக்கூடாது. ஆறு முறையும் அவர் பாதியிலேயே எழுந்து வாத்து வறுவல் தின்னப் போய்விட்டார். ஊரே வாயெல்லாம் பல்லாகப் பின்னால் போயிற்று. ஒரே ஒரு கைதட்டலுக்காக ஏங்கி ஏங்கியே கோப்கெயின் தலை நரைத்தது. பார்க்கவே பாவமாக இருக்கும்.

அன்று மருத்துவர் கோமகனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அரண்மனைக் காரியக்காரர் டிரெப்னிட்ஸின் காதைக் கடித்தார்.

“முடிஞ்சு போச்சுங்க. கை சில்லிட்டுடுச்சு.”

“எழுந்தாரா?”

“செத்தவர் எப்படிங்க எழுந்திருப்பாரு?”

“அப்ப நாடகம் நடக்கட்டும். வாயை மூடிக்கிட்டு உக்காரும்.”

நடந்தது. கையிலிருந்த அங்கங்கள் தீர்ந்ததும் கோப்கெ மேடைக்குக் கீழேயே உட்கார்ந்து புதிதாக எழுத ஆரம்பித்தார். குத்துப்பட்டுச் செத்த நாயகனை, வேறு ஆள் இல்லாததால், நாயகியின் மாமனாராக்கிப் பாடவைத்தார். வயலின்காரர்கள் முறைவைத்துத் தூங்கினார்கள். கோமகன் அழுகவில்லை, தாடி மட்டும் வளர்ந்தது, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நாவிதர் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து மழித்துவிட்டார். மாடங்களில் கல்யாணம் நடந்தது; பிறந்த பிள்ளைகள் சுருதி பிசகாமல் அழுதன. நாடகம் சற்று நீளம் என்று விமர்சகர் ஒருவர் பணிவாக எழுதினார்.

கோப்கெயின் மனைவி ஒட்டிலி முதல் நாளே தாமதமாக வந்தவள். உள்ளே இடம் தராததால் அவள் ஒருத்தியால்தான் வெளியே போய்வர முடிந்தது. தினமும் ரொட்டியும் முட்டைக்கோஸும் கொண்டுவந்தாள்.

“போதுங்க, வீட்டுக்கு வாங்க.”

“அவர் முகத்தைப் பாரு ஒட்டிலி. என் பாட்டை இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டிருக்காரா?”

“எழுந்து போக முடியல, உக்காந்திருக்காரு.”

“அப்படியாச்சும் இருக்காருல்ல?”

ஒரு வசந்தகாலப் பிற்பகலில் கோப்கெயின் தலைக்குள் இருந்ததெல்லாம் வற்றிப்போயிற்று. பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எடுத்தார், ஒன்றும் வரவில்லை. பாடகர்கள் கடைசிச் சுரம்வரை பாடிவிட்டு அவரைப் பார்த்தார்கள். தாளம் காட்டும் கைக்கோலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். அத்தனை வருடத்தில் முதல்முறையாக அரங்கம் அமைதியானது. வெளியே கல்பாவிய தெருவில் வண்டி போகும் சத்தமும், யாருடைய வயிறோ இரையும் சத்தமும் கேட்டன.

அப்போது கோமகன் கை இரண்டையும் தூக்கித் தட்டினார். கையுறையிலிருந்து தூசி பறந்தது. ஊரே உள்ளங்கை சிவக்கத் தட்டியது.

“ஒன்ஸ்மோர்!” என்று டிரெப்னிட்ஸ் கத்தினார்.

எதற்குத் தட்டுகிறார்கள் என்று கோப்கெக்குப் புரிந்துவிட்டது. கண்ணீர் வழிய, கைக்கோலைத் தூக்கி அதே அமைதியை இன்னொரு முறை கொடுத்தார். வாசலில் நின்ற ஒட்டிலிக்கும் புரிந்தது; எல்லோரையும்விட அவள்தான் பலமாகத் தட்டினாள். கோப்கெ அவள் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினார்.

கோமகன் எழுந்தார், மேலங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் அடக்கம் செய்தோம்.