வட்டவளை இறக்கம்

கொழும்பிலிருந்து வந்த அந்தப் பச்சைக் காருக்குக் கூரை கிடையாது. இரண்டே பேர்தான் உட்காரலாம். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய துரை, பிடித்தால் வாங்குவதாகச் சொல்லி ஒரு வாரத்துக்குத் தருவித்திருந்தார். வாங்குமுன் நன்றாக ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி ஹட்டனில் ஹமீத் முதலாளியின் கராஜுக்கு அனுப்பினார். அந்த வேலை செல்லசாமிக்கு வந்தது.

செல்லசாமி அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். மனைவி மீனம்மா அங்கே கொழுந்து பறித்தாள். அவன் மட்டும் பதினெட்டு வருஷமாகக் கராஜில், மற்றவர்களின் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் காலத்தைக் கழித்தான். லொறிகளையும் துரைமார்களின் கிழட்டுக் கார்களையும் ஓட்டியிருக்கிறான். இப்படி ஒன்றில் ஏறியதில்லை. இதில் ஏறவும் முடியாது. உள்ளே இறங்கித்தான் உட்கார வேண்டியிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்ததும் ரோடே மார்புக்கு நேரே வந்து நின்றது.

"பாத்துப் போ செல்லசாமி. ஒரு கீறல் பட்டாலும் தொரை என்ட முகத்துல முழிக்க மாட்டார்" என்றார் ஹமீத்.

ரொசல்லையைத் தாண்டுமுன்பே காரின் குணம் பிடிபட்டுவிட்டது. கை நினைக்குமுன் ஸ்டியரிங் திரும்பியது. கியர் இரண்டு விரலுக்கு அடங்கியது. லொறியைப் போல வளைவில் சாயாமல் தரையைக் கவ்விக்கொண்டு போனது. மலையில் நின்ற கங்காணி ஒருவர் துரைதான் போகிறார் என்று நினைத்துத் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டார். செல்லசாமியும் துரை போலவே ஒரு கையை உயர்த்திவிட்டுப் போனான். தனியாக இருந்தும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

வட்டவளையில் திரும்பியிருக்கலாம். மனம் வரவில்லை. கினிகத்தேனைப் பக்கம் இறக்கத்தில் விட்டான். மூன்று மைல் வளைந்து வளைந்து இறங்கியபின், ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது கால் சேற்றில் புதைவது போல உள்ளே போனது. கார் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, மண்திட்டோரம் உரசாமல் ஒதுக்கி, ஒரு வழியாக நிறுத்தினான். சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி மிதித்தான். பிரேக் கல்லைப் போல் பிடித்தது.

கராஜில் துரையே காத்திருந்தார்.

"என்னா செல்லசாமி? எப்படி?"

"இது மாதிரி வண்டி நான் பாத்ததில்லைங்க தொரை."

"நல்லது. நான் வாங்கினா நீதான் டிரைவர். பங்களாகிட்ட வீடு தர்றேன். சரியா?"

செல்லசாமி வாயைத் திறந்தான். பிரேக்கைப் பற்றிச் சொன்னால் வண்டி கொழும்புக்குத் திரும்பிவிடும். சூடானால்தானே அப்படி ஆகிறது, ஓட்டப் போகிறவன் நான்தானே, கியரில் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டான்.

"எல்லாம் சரியா இருக்குங்க தொரை."

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை துரை நண்பர் ஒருவரை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போனார். வட்டவளைக்குக் கீழே, மகளின் பிரசவம் பார்த்துவிட்டு பஸ்ஸுக்காக நின்ற காளியாயியைக் கார் அடித்துத் தூக்கி எறிந்தது. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் பொன்னையாவுக்கு ஒரு காயமும் இல்லை. லயத்தில் அவர்கள் காம்பராவுக்கும் செல்லசாமியின் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பொன்னையா அழவில்லை, அந்தச் சுவருக்கு அப்பால் இருமிக்கொண்டே இருந்தார்.

செல்லசாமி சோறு தின்பதை விட்டான். எட்டாம் நாள் ஹமீதிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ வாயைப் பொத்திக்கிட்டு இரி. யாரும் உன்னைக் கேக்கல்ல" என்றார் அவர்.

மீனம்மாவும் அதையேதான் சொன்னாள். ஆனால் பொன்னையாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றால் உண்மை வெளியே வர வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. மறுநாளே பொலிஸுக்குப் போய், தெரிந்த சிங்களத்தில் சொல்லி எழுதிக் கொடுத்தான்.

மூன்று மாதம் கழித்து ஹட்டன் கோர்ட்டில் வழக்கு. கண்மூடித்தனமாக ஓட்டி உயிரைப் போக்கியதாகத் துரை மேல் குற்றச்சாட்டு. பொன்னையா கூண்டில் ஏறி, கார் வந்த வேகத்தைச் சொன்னார். அடுத்துத் துரையின் வக்கீல் செல்லசாமியைக் கூப்பிட்டார். தன்னை அழைத்தது யார் பக்கத்து வக்கீல் என்பதுகூட அவனுக்குக் கூண்டில் ஏறியபிறகுதான் விளங்கியது.

"பிரேக் பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரியும்?"

"தெரியுங்க."

"துரையிடம் மறைத்தாய்?"

"ஆமாங்க. என் மேலதாங்க குத்தம்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. பிற்பகலில் துரை விடுதலையானார். வெளியே வந்து, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, செல்லசாமியைப் பார்க்காமலே போனார்.

கோர்ட்டு விறாந்தையில் பொன்னையா தனியாக நின்றிருந்தார். செல்லசாமி அவர் முன்னால் போய்க் கை கூப்பினான்.

"அண்ணே, என்னய மன்னிச்சிருங்கண்ணே. நான் அன்னைக்கே சொல்லியிருந்தா அக்கா உசிரோட இருந்திருப்பாங்க."

"பிரேக்கு புடிச்சுச்சுடா" என்றார் பொன்னையா.

"என்னண்ணே?"

"புடிச்சுச்சு. டயரு தேஞ்ச கோடு ரோட்டுல இருவதடி நீளத்துக்குக் கருப்பாக் கெடந்துச்சு. அவ அந்தக் கோட்டு மேலதான் கெடந்தா. பேசிச் சிரிச்சுக்கிட்டு வந்தான்டா, எங்களப் பாக்கவே இல்ல. பாத்தப்பறந்தான் மிதிச்சான். சொல்ல வந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுட்டாங்க."

செல்லசாமி அந்த இடத்தைப் போய்ப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயந்திருந்தான். பிடித்து நின்ற சக்கரம்தான் கோடு போடும் என்பது பதினெட்டு வருஷ மெக்கானிக்குக்குத் தெரியாததல்ல. மழை அந்தக் கோட்டை எப்போதோ கழுவியிருக்கும்.

"ஒன்ன யாருடா கேட்டா?" என்றார் பொன்னையா. குரல் உயரவில்லை. "நீ சும்மா இருந்திருந்தா அவன் உள்ள போயிருப்பான்."

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். பொன்னையா முன்னால் உட்கார்ந்தார். செல்லசாமி பின்வாசலில் நின்றான். டிக்கோயாவில் இறங்கும்போது தூறல் போட்டது. லயத்துக்கு ஏறிப் போக ஒரே ஒரு குறுக்குப்பாதைதான். முன்னால் போகவும் முடியாமல், கூட நடக்கவும் முடியாமல், அவர் ஏறி முடிக்கட்டும் என்று செல்லசாமி பாதை தொடங்கும் பாலத்தடியில் நின்றான். பொன்னையா பாதி வழியில் இருமலுக்காக நின்றார். அவர் மறுபடி நடக்கத் தொடங்க வெகுநேரமாயிற்று.