காற்றுமானிக்குச் சந்தனப் பொட்டு

எழுபத்தொன்றாம் வருஷம் செப்டம்பர் கடைசியில் வட ஜெர்மனியின் சமவெளியில் நாலு நாள் காற்று அடித்தது. சூடான, காய்ந்த கிழக்குக் காற்று. பிரவுன்ஷ்வைக்கில் எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குளிர் வருவதற்கு முன் கிடைத்த போனஸ் என்று வெயிலில் உட்கார்ந்தார்கள். அந்த நாட்டில் இப்படிப்பட்ட வெயிலுக்குக் கிழவிகளின் கோடை என்று பெயர். பருவம் தப்பி வருவதற்கும் பெண்கள் பெயர்தான் கிடைத்தது இவர்களுக்கு.

என் டாக்டர் பட்டமே அந்தக் காற்றில்தான் இருந்தது. அறுவடை முடிந்த வெற்று வயலிலிருந்து காற்று எவ்வளவு மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது என்பது என் ஆராய்ச்சி. முந்தைய இரண்டு இலையுதிர் காலமும் மழை. நனைந்த மண் எங்கே பறக்கும்? பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: காய்ந்த மண்ணில் பலத்த காற்று அடிக்கும்போது எடுத்த அளவுகள் வேண்டும், இல்லாவிட்டால் தீசிஸ் கிடையாது. டிசம்பரில் என் கணவர் வாசுதேவனின் வேலை ஒப்பந்தம் முடிகிறது. இரண்டு பேருக்கும் மெட்ராசுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது ஊருக்கெல்லாம் பழமொழி. எனக்கு அது தினசரி வேலை.

வயல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், வாசுதேவன் ஃபாக்டரிக்குப் போகிற சாலையிலேயே. மண் பிடிக்கிற தகரப் பெட்டிகள் வயலிலேயே கிடக்கும். மூன்று கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியை மட்டும் மாலையில் கம்பத்திலிருந்து கழற்றி, துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் திரும்ப மாட்டுவேன். இன்ன வேகக் காற்றுக்கு இவ்வளவு மண் என்று சொன்னால்தான் அது ஆராய்ச்சி. வேகம் தெரியாத மண் வெறும் குப்பை.

சனிக்கிழமை தொடங்கிய காற்று நாளுக்கு நாள் ஏறியது. செவ்வாய்க்கிழமைதான் உச்சம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்று காலை எனக்குத் தட்ட முடியாத கூட்டம் ஒன்று இன்ஸ்டிட்யூட்டில். போகிற வழியில் கருவியை மாட்டிவிடச் சொல்லி வாசுதேவனைக் கேட்டேன். சரி என்றார். ஒரே ஒரு திருகு. அவர் மெக்கானிக்கல் என்ஜினியர்.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்ணில் மண் விழுந்தது. வயலே எழுந்து நடந்துபோய்க்கொண்டிருந்தது. வாயெல்லாம் மண்ணாக, சிரித்துக்கொண்டே ஓடினேன். கம்பத்தை நிமிர்ந்து பார்த்தேன். மொட்டையாக நின்றது. பெட்டிகளில் மண் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. எவ்வளவு வேகத்தில் வந்த மண் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

காற்றுமானியும் அந்தக் கடவுளிடம்தான் இருந்தது. எங்கள் வீட்டு ஹாலில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், ஒரு பலகையில். அன்று ஆயுத பூஜை. வேலைக் குஷியில் எனக்கு மறந்தே போயிருந்தது. என் தீசிஸ் நோட்டுகள், என் கத்தரிக்கோல், அரிவாள்மனை, நடுவே காற்றுமானி. பொரிக்கு வழியில்லாமல் ஆப்பிள் நைவேத்தியம். மூன்று கிண்ணத்திலும் சந்தனம், குங்குமம். அவை சுழலுகிற தண்டிலும் ஒரு பொட்டு, காய்ந்து இறுகிப்போய்.

நான் நாத்திகி இல்லை. பூஜையில் வைத்த பொருளை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் எடுத்தேன். வெந்நீரில் கழுவி, ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, சைக்கிளில் பறந்தேன். மாட்டி முடிப்பதற்குள் காற்று இறங்கத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் மேற்கே மேகம் கூடி, தூறலும் விழுந்தது. அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

வாசுதேவன் வீட்டுக்கு வந்ததும் பலகையில் இருந்த காலி இடத்தைப் பார்த்துவிட்டு, சாமி குத்தம் ஆகிவிடுமே என்றார். அப்புறம் குரலை இறக்கி, எல்லாம் உன் படிப்பு நல்லபடியாக முடியத்தானே செய்தேன், ஒரு நாளில் என்ன குடி முழுகிப்போகிறது என்று சமாதானம் சொன்னார். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து தன் ஸ்லைட் ரூலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது இல்லாமல் அவருக்கு ஒரு கணக்கும் ஓடாது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதை ஏன் பூஜையில வைக்கலை?”

“இதை எப்படி வைக்கிறது? இன்னிக்கு ஃபாக்டரியில டிசைன் ரிவ்யூ. வேலை இருக்கில்ல?”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிக் கூச்சம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்தி முற்றிச் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். மறதியில் செய்திருந்தாலும் பொறுத்திருப்பேன். மனிதர் நிதானமாகத் தரம் பிரித்திருக்கிறார். வேலையைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை இல்லாததையெல்லாம் சாமிக்கு வைத்திருக்கிறார். காய் நறுக்குகிற அரிவாள்மனையும் என் மூன்று வருஷப் படிப்பும் அவருக்கு ஒரே பலகைச் சாமான்.

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். முக்கியமான மணிநேரங்கள் இல்லாமல் எதுவும் நிற்காது என்று அவர் கையை விரித்தார். நான் அடுத்த இலையுதிர் காலம் வரை இருப்பதானால், பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை போட்டுத் தருவதாகவும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

அன்று சாப்பிடும்போது வாசுதேவன் எனக்கு ஆறுதல் சொன்னார். பட்டம் போனால் போகட்டும், மெட்ராசில் ஏதாவது காலேஜில் தன் அப்பா சொல்லி வைப்பார், வீட்டோடு இருந்தாலும் குறைவில்லை என்றார். நான் அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

“டிசம்பர்ல நீங்க மட்டும் போங்க. நான் அடுத்த வருஷக் காத்துக்கு இருக்கப்போறேன்.”

கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்தார். கோபத்தில்தான் பேசினேன். ஆனால் அது ஆறுகிற கோபம் இல்லை என்று என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ரசம் சோற்றில் கை அப்படியே நின்றது.

“ஊர்ல எல்லாரும் கேட்பாங்க, கிரிஜா. நான் என்னன்னு சொல்றது?”

“அவளுக்கு வேலை இருக்குன்னு சொல்லுங்க.”