கடைசிக் கோழிக்கால்

அமெரிக்காவின் தெற்கத்தி ராக் இசை வாசிக்கும் எங்கள் குழுவில் கிட்டார் வாசிக்கும் தடியன்கள் இரண்டு பேர், ராய்ஸும் ஹார்லனும். கடைசிப் பாட்டில் இருவரும் மாறி மாறி வாசிப்பார்கள். போதும் என்று ஒருவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தால்தான் நான் டிரம்ஸை ஓங்கி அடித்து முடிக்கலாம். அதுதான் எங்கள் வழக்கம்.

ஜார்ஜியாவில் ஒரு திருவிழா மைதானத்தில் வாசிக்கப் போனோம். வேனில் மிச்சமிருந்த ஒரே கோழிக்காலுக்காக அந்த இருவருக்கும் சண்டை. அன்று எங்களோடு வந்திருந்த என் மனைவி வெர்னா பொரித்த கோழி அது. அந்தக் கோபத்தோடேயே மேடையேறினார்கள். முதலில் தலையசைப்பவன் தோற்றவன் என்று இருவருக்கும் நினைப்பு. பாட்டு முடிவதாக இல்லை. கூட்டத்தில் பாதி எழுந்து போய் பியர் வாங்கிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டது. எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

“டேய், யாராவது ஒருத்தன் தலைய ஆட்டித் தொலைங்கடா!” என்று கத்தினேன்.

“மொதல்ல அவன ஆட்டச் சொல்லு!” என்றான் ராய்ஸ்.

“செத்தாலும் ஆட்ட மாட்டேன்!” என்றான் ஹார்லன்.

அப்போது வெர்னா மேடையேறி வந்தாள். கையில் அந்தக் கோழிக்கால். இருவருக்கும் நடுவில் நின்று, நிதானமாக ஒரு கடி கடித்தாள். இரண்டு கிட்டாரும் ஒரே நொடியில் நின்றன. இதுதான் சமயமென்று நான் ஓங்கி அடித்து முடித்தேன். கூட்டம் காது கிழியக் கத்தியது.

அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அதே முடிவைத்தான் கேட்கிறார்கள். அலபாமா, டென்னசி என்று வெர்னாவும் எங்களோடு வேனில் சுற்றுகிறாள். பாவம், அவளுக்குத்தான் இப்போது கோழி என்றாலே குமட்டுகிறது.