புகார் கவுண்டரில் அம்மா

கப்பலில் என் வேலை புகார் கேட்பது. 'விருந்தினர் சேவை' என்று பித்தளையில் பளபளப்பாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஆனால் சேவை வேண்டுமென்று யாரும் வருவதில்லை. வெந்நீர் வரவில்லை, பக்கத்து மேசைக் குழந்தை கத்துகிறது, கப்பல் ரொம்ப ஆடுகிறது என்று சொல்லத்தான் வருகிறார்கள். கடல் ஆட்டுவதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் மன்னிப்புக் கேட்டு, உடனே கவனிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். மூக்குக்கு மேல் கோபம் வருகிற எனக்கு இப்படி ஒரு வேலை அமைந்ததை நினைத்து எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

வேலை எனக்குப் பிடித்துவிட்டது என்பதுதான் விஷயமே. ஒப்பந்தம் இந்தப் பயணத்தோடு முடிகிறது. அடுத்த வருடத்துக்கான தாள் தயாராக இருந்தது, கரை சேர்வதற்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவைக் கேட்டதற்கு, உங்க அம்மா சரின்னா எனக்கும் சரி என்று வழக்கம்போல் நழுவிவிட்டார். அம்மாவைக் கேட்டதற்கு, "முதல்ல அந்தக் கப்பலைப் பார்க்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றாள். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவரக் கிளம்புகிறவளின் குரல் அது. அவளைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டிருக்கலாம், எனக்கு வயதாகவில்லையா என்ன? ஆனால் அவள் அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, நான் இங்கே நடுக்கடலில் நின்று ஊராரிடம் இளித்துக்கொண்டிருப்பது என்னால் ஆகாது.

ஊழியரின் பெற்றோருக்கு வருடத்துக்கு ஒருமுறை சலுகைக் கட்டணத்தில் இடம் கிடைக்கும். வரவழைத்துவிட்டேன். கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் விதிகளையெல்லாம் ஒப்பித்தேன். பயணிகள் சாப்பிடும் மேசையில் நான் உட்காரக் கூடாது, அவர்கள் அறைக்குள் போகக் கூடாது, சீருடையில் இருக்கும்போது கட்டிப்பிடிக்கிற வேலையெல்லாம் கூடவே கூடாது. மற்றப் பயணிகளிடம் எப்படிப் பேசுகிறேனோ அப்படித்தான் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதே என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"உன் கவுண்டருக்கு யார் வேணா வரலாமா?"

பயணிகள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றேன். சரி என்று போனை வைத்துவிட்டாள்.

அம்மாவின் கண்ணில் ஒரு குறை படக் கூடாது என்று நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இயந்திரச் சத்தம் எட்டாத பக்கமாகப் பார்த்து அறை ஒதுக்கச் சொன்னேன். அறையைச் சுத்தம் செய்கிற அண்ணனிடம் சொல்லிவைத்தேன், சமையல்கட்டில் சொல்லிவைத்தேன். இவ்வளவும் செய்துவிட்டு நிமிர்ந்தால், கப்பல் கிளம்பிய அன்றே என் வரிசையில் அம்மா நிற்கிறாள், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

வணக்கம் மேடம், என்ன உதவி வேணும் என்றேன். லிஃப்டில் சின்னப் பிள்ளைகள் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டு ஓடிவிடுகின்றனவாம், மாடிக்கு மாடி நின்று நின்று போகிறதாம். "பெத்தவங்களும் கூடவே நின்னு வேடிக்கை பார்க்கறாங்க" என்று பதவிசாகச் சொன்னாள். கவனிக்கிறோம் மேடம் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் நீச்சல் குளத்து விவகாரம். விடிந்ததும் விடியாததுமாக வந்து சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, சாவகாசமாகச் சாப்பிடப் போய்விடுகிறார்களாம். துண்டுகள் காலை நீட்டிப் படுத்திருக்க, மனிதர்கள் வெயிலில் நிற்கிறார்களாம். நியாயமான புகார்தான். ஆள் இல்லாமல் நெடுநேரம் கிடக்கிற துண்டை எடுத்துவிடலாம் என்று விதியே இருக்கிறது. எடுக்கச் சொன்னேன். கூடை நிறையத் துண்டுகள் என் கவுண்டருக்கு வந்தன. அறை எண்ணைச் சொல்லித் துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள முதலில் வந்து நின்றவர் அப்பா. பேருந்து டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறவர்களை வேலை பார்த்த காலமெல்லாம் திட்டித் தீர்த்தவர். எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யார் புகார் கொடுத்தது என்று விசாரித்தார். பயணிகள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தி இருந்தது.

ஆனால் அம்மா விடுகிற மாதிரி இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இடுக்கியை விட்டுவிட்டுக் கையாலேயே ரொட்டியைப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்றாள். நீச்சல் உடையில் சொட்டச் சொட்ட வந்து மெத்தை நாற்காலியில் உட்காருகிறார்கள் என்றாள். பக்கத்து அறைக்காரர் பால்கனியில் போனில் பாட்டைப் போட்டு ஊருக்கே கேட்க வைக்கிறார் என்றாள். எல்லாமே உண்மை. நானே மனதுக்குள் ஆயிரம் தடவை குமுறிய சங்கதிகள். ஆனால் ஒவ்வொன்றையும் அவள் வாயால் கேட்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. கப்பலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒன்று விடாமல் கோத்துக்கொண்டிருக்கிறாள், கடைசி நாளில் மாலையாகக் கட்டி என் கழுத்தில் போட்டு வீட்டுக்கு இழுத்துப் போகப் போகிறாள். அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் பிரிவுக்கு மேலாளர் ஒரு அம்மையார். எங்களுக்குள் அவர் பெயர் சிரிப்பு மேடம். நாங்கள் சிரிக்கும்போது மேல் வரிசைப் பல் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பயணத்தில் அதிகப் புகார் வந்திருப்பது ஒரே அறையிலிருந்துதான், அது உங்க அம்மா அறை என்றார். சொந்தக்காரர் என்பதற்காக எழுதாமல் விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். அதிருப்தியான குடும்பத்தைக் குளிர்விக்க ஒரு பழக்கூடையும் மன்னிப்புச் சீட்டும் அறைக்கு அனுப்பினார். அடுத்த வேளையே அம்மா அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்துவிட்டாள். யாருடைய கூடையையோ எங்கள் அறையில் தவறாக வைத்துவிட்டார்கள், உரியவர் தேடுவார், சேர்த்துவிடுங்கள் என்றாள். அதுவும் ஒரு புகாராகப் பதிவானது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இரட்டைக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெண்தான் என் கண்ணைத் திறந்தாள். அறைச் சாவி அட்டை வேலை செய்யவில்லை என்று வந்தவள், மாற்றிக் கொடுத்ததும், பின்னால் நிற்கிற அம்மா ரொம்பத் தங்கமானவர்கள், நேற்றும் எனக்கு வழிவிட்டார்கள், இன்றைக்கும் விட்டார்கள் என்றாள். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அம்மா வரிசையில் நின்றிருந்தாள். அடுத்து அவள் முறை. பின்னால் ஒரு பெரியவர் வந்து நின்றதும், "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று ஒதுங்கினாள். அவருக்குப் பின்னால் ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களுக்கும் ஒதுங்கினாள். நகர நகர அவள் வரிசையின் வாலுக்கே போய்க்கொண்டிருந்தாள். முகத்தில் சலிப்பே இல்லை. கைப்பையை அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்ததும் மேல்தளத்துக்கு ஓடினேன். பயணிகள் பகுதியில் உட்காரத்தான் தடை, நின்று பேசலாம். அப்பா துண்டின் மேலேயே படுத்து, துண்டை யாரும் எடுக்க முடியாதபடி தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கம்பியைப் பிடித்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இந்தக் கப்பல்ல ஒண்ணுமே பிடிக்கலையாம்மா?" என்றேன்.

"யாரு சொன்னா? நல்லாத்தானே இருக்கு."

"அப்புறம் ஏன் தினமும் வந்து புகார் சொல்றே?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "சும்மா வந்து நின்னா நல்லாவா இருக்கும்? வரிசைன்னா கையில ஒரு வேலை இருக்க வேணாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னோடு சாப்பிட முடியாது, அறைக்குக் கூப்பிட முடியாது, பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. இத்தனை மாதம் கழித்துப் பார்க்கிற மகளைக் கண்ணாரப் பார்க்க அந்த வரிசை ஒன்றுதான் வழி. வரிசையில் நிற்க ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு குறை வேண்டும். ஒழுங்காக விதியைக் கடைப்பிடித்திருக்கிறாள் பாவம், நான்தான் அவளை எதிர்க்கட்சி வக்கீலாக்கி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே, சரி, கையெழுத்துப் போடட்டுமா என்றும் கேட்டுவிட்டேன். ஆசை யாரை விட்டது?

"இன்னும் பார்த்து முடியல" என்றாள்.

கடைசி நாள் எங்கள் கவுண்டர் திருவிழா மாதிரி இருக்கும். மறந்த கண்ணாடி, தொலைந்த செருப்பு, பெட்டிக்கு ஒட்டும் சீட்டு என்று கூட்டம் அலைமோதும். சிரிப்பு மேடமே என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அதிருப்தியான குடும்பம் வந்தால் தானே நேரில் பேசி அனுப்புவதாக ஏற்பாடு. அம்மா வந்தாள். வழக்கம்போல் எல்லாருக்கும் வழிவிட்டு, கூட்டம் ஓய்ந்த பிறகு முன்னால் வந்தாள்.

"இத்தனை நாள் சொன்னதெல்லாம் கிடக்கட்டும்" என்றாள், என்னிடம் இல்லை, மேடத்திடம். "இப்ப நிஜமாவே ஒரு குறை சொல்றேன். எழுதிக்குவீங்களா?"

சொல்லுங்கள் மேடம் என்றார் சிரிப்பு மேடம்.

"இங்க வேலை பார்க்கற பொண்ணுங்க காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்காங்க. வரிசையில ஒரு ஆள் இல்லாதப்பவும் நிக்கறாங்க. உட்கார ஒரு ஸ்டூல் இல்ல."

பயணிகள் நிற்கும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது, எல்லாக் கப்பல்களிலும் இதுதான் முறை என்று மேடம் பொறுமையாக விளக்கினார். அம்மாவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நான் துணிக்கடையில நின்னு நின்னே முழங்காலைத் தேய்ச்சவ" என்றாள். "நாங்க ஸ்டூல் கேட்டோம், முதலாளி காதுல போட்டுக்கல. கடைக்கு வர்றவங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா போட்டிருப்பார். ஒருத்தரும் கேட்கல. இப்ப நான் பயணிதானே, அதான் கேட்கறேன். அவங்க உட்கார்ந்து பேசினா எனக்கு ஒண்ணும் மரியாதை குறைஞ்சிடாது."

பயணி சொன்ன குறையைப் பதியாமல் விட மேடத்துக்கே அதிகாரம் கிடையாது. எழுதுங்கள் என்றார் என்னிடம். நான் தட்டச்சு செய்தேன். கவுண்டர் ஊழியர் உட்கார இருக்கை இல்லை. சொன்னவர், அறை எண் எல்லாம் போட்டேன். எதற்குள் சரிசெய்ய வேண்டும் என்கிற கட்டத்தில் வந்து நின்றேன். பயணியிடம் கேட்டு நிரப்ப வேண்டிய கட்டம் அது. தலையை நிமிர்த்தாமல் கேட்டேன்.

"எதுக்குள்ள செஞ்சு தரணும் மேடம்?"

"அவசரமில்ல" என்றாள் அம்மா. "அடுத்த பயணத்துக்குள்ள போட்டாப் போதும். இந்தப் பொண்ணு இன்னும் ஒரு வருஷம் இங்கதானே வேலை பார்க்கப் போறா."

திரையில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பதிந்துகொண்டேன் மேடம் என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை.

"சரிம்மா" என்றேன்.