தோளில் இருந்த கை

ஐஸ் பெட்டியின் மூடியில் நீர் கோத்து அப்பாவின் முகத்தை மறைத்துக்கொண்டே இருந்தது. ஜாய்லின் துப்பட்டாவின் நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா ஏசுவடியான் பின்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, ஒன் கம்ப்யூட்டரை எடு. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் போட்டோ கேட்டுக்கிட்டே இருக்கான். மத்தியானத்துக்குள்ள தெருமுனையில கட்டணும்."

அவள் எழுந்தாள். காலையில்தான் சென்னை ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். போட்டிருந்த உடையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

அப்பா மாணிக்கராஜுக்குப் பேருந்து நிலையத்துக்கு அருகில் பெயிண்ட் கடை. முந்தின நாள், ஒரு வாடிக்கையாளருக்கு நிறம் கலந்து டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தில் வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். இயந்திரம் நிற்பதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டாராம். இயந்திரம் நின்ற பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்தபோது ஜாய்லின் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தாள். அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் கடைசி வருடம். புதன்கிழமை அவளுடைய குறும்படத்துக்கு இறுதி ரிவ்யூ. யாரோ தோளைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்தது நினைவிருக்கிறது. செய்த வேலையைச் சேமித்தாளா என்பது நினைவில்லை.

உள்ளறைக் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்தாள். கூடத்தில் சபைப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து திரையை உற்றுப் பார்த்தார். அப்பா கேமராவைக் கண்டால் மூச்சை அடக்கிக்கொள்கிற ஆள். ஆதார் படத்தில் யாரோ கடன் சொல்லிவிட்டுப் போன மாதிரி முறைத்தார். சபை ஆண்டுவிழாப் படத்தில் கண்ணை மூடியிருந்தார்.

"எதுலயுமே மனுசன் மாதிரி இல்லையே" என்றார் பெரியப்பா.

அடுத்த படத்தில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில், முதன்முதலாக ஜாய்லின் கல்லூரிக்குக் கிளம்பிய நாளில் அவளே எடுத்தது. வாய் திறந்து, கண் இடுங்கி, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்தில் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு ஜாய்ஸ் அத்தை நின்றாள்.

பெரியப்பா திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"இவ எங்க வந்தா அங்கன?"

"என்னை வழியனுப்ப வந்தாங்க."

"யாரு சொல்லி?"

"அப்பா சொல்லி."

ஜாய்ஸ் அத்தை இரண்டு அண்ணன்களுக்கும் இளையவள். சபையைச் சேராத, மோட்டார் காயில் கட்டும் சங்கரபாண்டியைக் கல்யாணம் செய்துகொண்டு கரிவலம்வந்தநல்லூருக்குப் போனதிலிருந்து அவளோடு பேச்சுவார்த்தை கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அப்பா அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கரிவலத்தில் எந்த வீட்டுக்குப் பெயிண்ட் கொண்டுபோக வேண்டியிருந்தாலும் கடைப்பையனை அனுப்பாமல் தானே மொபெட்டை எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வர நேரமாகும். அம்மா ஏன் என்று கேட்கமாட்டாள்.

பெரியப்பா திரையில் விரலை வைத்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. இவளை எடுத்துரு."

"வெட்டிரலாம் பெரியப்பா. ஆனா கை தோள்ல இருக்கு."

"அந்தக் கையையும் எடு. நீ அதைத்தான படிக்கே?"

அதைத்தான் படித்தாள். சண்டைக் காட்சியில் நடிகரைத் தூக்கும் கம்பியை ஒவ்வொரு சட்டகமாக அழிப்பது, ஆளை எடுத்துவிட்டு அவருக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய சுவரை உண்டாக்குவது, எல்லாம் படிப்பில் சேர்ந்தவை. அவள் அழித்தால் அழித்த இடம் தெரியாது என்று வகுப்பில் பேர் வாங்கியிருந்தாள்.

இந்தப் படிப்பே வேண்டாம், நர்ஸிங்கில் சேர் என்றுதான் பெரியப்பா சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கல்லூரியைப் பார்க்கப் போனார். அங்கே சுவர் முழுக்கப் பச்சை அடித்திருந்த ஒரு அறையில், இந்தச் சுவருக்கு முன்னால் நிற்கிறவரை உலகத்தில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்பதாகக் காட்டலாம் என்று ஒரு மாணவன் விளக்கினான். "அப்ப என்னை எங்க கடை முன்னால நிறுத்துங்க தம்பி, திறக்க நேரமாச்சு" என்றார் அப்பா. அன்றைக்கே சேர்த்துவிட்டு வந்தார்.

பெரியப்பா பந்தல்காரரைப் பார்க்க எழுந்து போனார். ஜாய்லின் வாசற்படியில் சாய்ந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிருபாபாய் முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

"என்னம்மா செய்ய?"

"பெரியப்பா சொன்னபடி செய். சாவு வீட்டுல எதுக்குப் பேச்சு."

ஜாய்லின் வேலையைத் தொடங்கினாள். கை பழகிய வேலை. முதலில் அத்தையின் முகம் போனது, பிறகு சேலை. அங்கே பிளாட்பாரத்தின் மஞ்சள் தூணை நீட்டிக்கொண்டு வந்தாள். கைதான் சிரமமாக இருந்தது. அப்பா போட்டிருந்தது கோடு போட்ட சட்டை. விரல்களுக்கு அடியில் இருந்த துணியைக் கேமரா பார்க்கவே இல்லை. மற்றத் தோளிலிருந்து கோடுகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்தினாள். கையின் கனத்தில் சட்டை கொஞ்சம் அமுங்கியிருந்தது. அந்த மடிப்பையும் நீவி எடுத்தாள்.

முடித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்பா ஒரு தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று அத்தை சொன்னது இதுதான்: "அண்ணே, இவ படிச்சு முடிச்சு வந்து ஒன் மண்டையில முடி வரைஞ்சு குடுப்பா, கவலைப்படாத." அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அப்பா வழுக்கையைத் தடவிக்கொண்டு ரயில் நகரும் வரை சிரித்தார்.

ஜாய்லின் கையை மறுபடி கொண்டுவந்தாள். அமுங்கிய சட்டையும் திரும்ப வந்தது. பிறகு அத்தை தெரியாதபடி படத்தின் ஓரத்தை மட்டும் வெட்டினாள். அப்பாவின் சிரிப்பும் அவர் தோளில் நாலு விரலும் ஒரு வளையலும் மிஞ்சின. அதை ஃப்ளெக்ஸ் கடை மாரிசெல்வத்துக்கு அனுப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"எடுத்தாச்சா?" என்றார் பெரியப்பா.

"அத்தையை வெட்டிட்டேன். கையை எடுக்கல."

"எடுக்கத் தெரியலையோ?"

"தெரியும். எடுத்துப் பாத்தேன். அது அப்பா இல்ல பெரியப்பா. அதனால திரும்ப வச்சிட்டேன்."

பாட்டு நின்றிருந்தது. பெண்கள் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் காட்டிக்கொண்டார்கள்.

"ஊரு பாக்கும் ஜாய்லின். யாரு கைன்னு கேப்பாவ."

"கேட்டா அவரு தங்கச்சி கைன்னு சொல்லுதேன்."

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அவள் செல்போன் அடித்தது. மாரிசெல்வம்.

"அக்கா, படம் வந்துட்டு. தோள்ல ஒரு கை இருக்கே? ஏசுவடியான் அண்ணாச்சி, ஆளை மட்டும் தனியா எடுக்கணும்னுல்ல சொன்னாவ? நானே அழிச்சிரவா? அஞ்சு நிமிசம்தான்."

"வேண்டாம். அப்படியே அடிங்க."

"அண்ணாச்சி திட்டுவாவக்கா."

ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து கையை நீட்டினாள். ஜாய்லின் போனைக் கொடுத்தாள்.

"தம்பி, நான் அவிய வீட்டுக்காரி பேசுதேன். பிள்ள அனுப்புனதை அனுப்புன மாதிரியே அடி." போனைத் திருப்பிக் கொடுத்தாள். பெரியப்பாவைப் பார்க்காமல், ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஜாய்ஸுக்குச் சொல்லிரு."

ஜாய்லின் அங்கேயே நின்று எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அத்தை.

"அத்தை, நான் ஜாய்லின். அப்பா..."

"தெரியும் மக்கா. நேத்தே பஸ்ஸ்டாண்டுல இருந்து ஒருத்தரு வந்து சொல்லிட்டாரு."

"பிறகு ஏன் வரல?"

"கூப்பிடாம எப்படி வர? நேத்தே சேலை மாத்தி உக்காந்திருக்கேன்."

"வாங்க அத்தை. மாமாவையும் கூட்டிட்டு வாங்க. அம்மா சொல்லச் சொன்னாங்க."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார்.

அவர்கள் பைக்கில் வந்து இறங்கியபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கரபாண்டி பைக்கை எதிர்வீட்டு வேப்பமர நிழலில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அத்தை மட்டும் வந்தாள். படத்தின் கீழே ஒரு கணம் நின்றாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக உள்ளே போய் ஐஸ் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வர வெகுநேரமானது. வந்தபோது அம்மாதான் அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

ஜாய்லின் பந்தலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். பந்தலில் இருந்த ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"உக்காருங்க மாமா."

"இருக்கட்டும் தாயி. நான் நிக்கேன்."

"அங்கன வந்து உக்காருங்க, இல்லைன்னா இங்கன உக்காருங்க. நிக்க வேண்டாம்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தானே வாங்கிக்கொண்டு அவள் பின்னால் பந்தலுக்கு வந்தார். சவப்பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தபோது ஒரு முனைக்கு ஆள் குறைந்தது. பெரியப்பா திரும்பிப் பார்த்தார். "வே, பிடியும்" என்றார், பேர் சொல்லாமல். சங்கரபாண்டி ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு முருகம்மாள் சோறும் ரசமும் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அத்தை அடுக்களையில் எல்லாருக்கும் தட்டு எடுத்தாள். அம்மா தனக்கு வேண்டாம் என்றாள். அத்தை கேட்டாள், முருகம்மாள் வந்து கேட்டாள், போதகர் மனைவியும் கேட்டாள். எல்லாருக்கும் அதே பதில்.

பெரியப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் தழைந்திருந்தது. "அடுத்து ஆகவேண்டியதப் பாக்கணும். கடையை யாரு பாக்கது? ஜாய்லின் இங்கன இருக்கட்டும். பொம்மைப் படிப்பு படிச்சது போதும். கடை கையில இருந்தாத்தான் சோறு."

ஜாய்லின் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நான் செவ்வாய்க்கிழமை போறேன் பெரியப்பா. புதன்கிழமை ரிவ்யூ இருக்கு."

"அப்பன் செத்து ஒரு வாரம்கூட ஆகாம?"

"ஆமா. முடிச்சிட்டு வாரேன்."

"கடை?"

அதை யோசிக்கவே இல்லை அவள். பெரியப்பா தப்பாகவும் கேட்கவில்லை. கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்த இடம் ஈரமாகக் கிடந்தது. யாரோ அதன்மேல் சாக்கைப் போட்டிருந்தார்கள்.

"திங்கட்கிழமை நான் திறக்கேன்" என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நிறம் கலக்க ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியப்பா. கோபமாகக் கேட்கவில்லை.

"தெரியாது. படிச்சுக்கிடுதேன்." அம்மா சுவரைப் பிடித்து எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "ஜாய்ஸ், ஒரு தட்டு போடு."

அத்தை தட்டில் சோற்றை வைத்துக் கொண்டுவந்தாள். அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். முதல் வாயை மென்றுகொண்டே இருந்தாள். தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினாள். மறுபடி பிசைந்தாள். தலை நிமிராமல், கவளம் கவளமாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஜாய்லின் பக்கத்தில் குத்தவைத்து, தட்டு காலியாவதற்கு முன்பே இன்னொரு அகப்பைச் சோற்றை வைத்தாள்.