இறங்கு, ஏறு, ரைட்

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்குப் போய் ஒருத்திக்கு இப்படி மூச்சு வாங்கும் என்று பஞ்சு அன்றுவரை நினைத்ததில்லை. சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அதற்குள்ளேயே முழங்கால் இரண்டும் போதும் என்றன. அடுப்பில் வைத்த பாலில் ஆவிகூட வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்று உள்ளறைக் கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வண்டி இன்னும் டிப்போவ விட்டே வெளிய வரலையேடி!"

அக்கா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆள் நல்ல ஆகிருதி, குரல் அதைவிடப் பெரிது. பஞ்சு என்ற பெயரும் அவள் வைத்ததுதான். சின்ன வயதில் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்ட தங்கைக்கு வேறென்ன பெயர் வைப்பது? இப்போது அறுபதை நெருங்கும் பஞ்சு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் சரிசெய்கிறாள். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. அவள் தூக்கியதிலேயே கனமான பொருள் ஒரு திருகாணிப் பெட்டியாகத்தான் இருக்கும்.

இந்த வம்புக்கெல்லாம் காரணம் போன மாதம் நடந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அக்காவுக்கு இடது காலில் பலமில்லை. வாக்கரைப் பிடித்து நடப்பவள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பெரிய அடி இல்லை. ஆனால் பஞ்சு எவ்வளவு முக்கியும் அவளை ஒரு சாண் நகர்த்த முடியவில்லை. கடைசியில் மாடிவீட்டுக்காரரையும் அவர் மகனையும் கூப்பிட்டாள். ஈர நைட்டியோடு கிடந்த அக்கா அவர்களைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு பஸ் நிறைய ஆட்களை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளியவள், அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்கவில்லை. விழுந்ததைவிட அந்த மௌனம்தான் பஞ்சுவைப் பயமுறுத்தியது.

விஷயம் தெரிந்து வெளியூரிலிருந்து தம்பி போன் செய்தான். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் கேட்டுட்டு இருக்க மாட்டேன். பெரியக்காவ இங்க கூட்டிட்டு வந்துடுவேன். இங்க தூக்க ஆள் இருக்கு. உன்னால முடியாதுக்கா." அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவனோடு சண்டை போடவும் முடியவில்லை. அம்மா போன பிறகு இந்த இரண்டு அறை வீட்டில் அக்காவும் தங்கையுமாகச் சண்டையும் சிரிப்புமாகக் காலத்தை ஓட்டியவர்கள். அந்தக் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பஞ்சுவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அக்காவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண்ணிடம் கேட்டாள், ஆளைத் தூக்குவது எப்படி என்று. அந்தப் பெண் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொதல்ல உங்களத் தூக்கப் பழகுங்க ஆன்ட்டி" என்றது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது. மூன்றே மூன்று. சாமான் எதுவும் வேண்டாம், தினமும் செய்தால் போதும் என்றது.

தினமும் என்பதில்தான் வினையே இருந்தது. முதல் வாரம் உற்சாகம். அடுத்த வாரம் தொடை வலி, மழை, கடையில் கூட்டம் என்று சாக்குகள் வரிசைகட்டி வந்தன. மூன்று நாள் டிமிக்கி கொடுத்த பிறகு ஒரு காலை, வீடே அதிரும்படி விசில் சத்தம் கேட்டது. அலமாரியின் அடியிலிருந்து பழைய கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்திருந்தாள் அக்கா.

"பால் வச்சிட்டியா? அப்ப வண்டிய எடு. எறங்கு... ஏறு... ரைட்!"

அன்றிலிருந்து பால் பொங்கும்வரை பயிற்சி என்று ஆயிற்று. அதில் ஒரு வசதி, பாலை வைக்காத நாள் என்று ஒன்று கிடையாது. மாதங்கள் போகப்போக நாற்காலி தேவைப்படவில்லை. சுவரை விட்டு மேசைக்கும், மேசையை விட்டுத் தரைக்கும் வந்தாள். முதன்முதலாகத் தரையில் நெஞ்சைத் தாழ்த்திக் கையால் உந்தி எழுந்த அன்று, கடையில் வாயெல்லாம் பல்லாக இருந்தவளைப் பார்த்து முதலாளி லாட்டரி ஏதும் விழுந்ததா என்று கேட்டார்.

இதற்கிடையில் அக்காவின் கண்ணாடி அடிக்கடி மூக்கிலிருந்து நழுவியது. பஞ்சு திருகாணியை முடுக்கினாள். இரண்டு வாரத்தில் மறுபடி நழுவியது. காதில் மாட்டும் கம்பிகளை உள்பக்கம் வளைத்தாள். ஃபிரேம் பழசாகிவிட்டது என்று கம்பெனியைத் திட்டினாள். இன்னொரு பக்கம் மாடிவீட்டு அம்மா வந்து, "எங்க பூனைக்கு என்னங்க போடறீங்க? மாடிப்படி ஏற முடியாம நடுவுலயே உக்காந்துக்குது" என்றாள். நாங்கள் ஒன்றும் போடுவதில்லையே என்று பஞ்சு சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அக்கா அப்போது மும்முரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கட்டிலுக்கும் வாக்கருக்கும் நடுவே அக்கா மறுபடியும் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பஞ்சு பக்கத்தில் மண்டியிட்டாள். அடி இல்லை என்று பார்த்துக்கொண்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"என்னப் பாருக்கா. நல்ல கால மடக்கு. கைய என் தோள்ல போடு."

பிசியோ பெண் காட்டியபடி முன்னால் குந்தி, அக்காவின் முதுகைச் சேர்த்துப் பிடித்து, தன் முதுகை நிமிர்த்தி, தொடையில் பலத்தைக் கொடுத்தாள். தினமும் எழும் அதே எழுச்சிதான். அக்கா கட்டிலில் இருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. பஞ்சுவுக்கு வீட்டையே தூக்கிவிடலாம் போலிருந்தது.

"ரைட்..." என்றாள் அக்கா, தலையை ஆட்டி. அந்த அசைவில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது.

பஞ்சு சிரித்துக்கொண்டே பையிலிருந்து குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். திருகாணி அசையவில்லை. இதற்குமேல் முடுக்க இடமில்லை. கம்பிகளும் வளைய வேண்டிய மட்டும் வளைந்திருந்தன. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்க்கிறாள்! அப்போதுதான் தன் வீட்டு முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. நைட்டி தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஜன்னல் விளிம்பில் மாடிவீட்டுப் பூனை, பந்தி எப்போது என்பதுபோல் காத்திருந்தது.

"நான் கடைக்குப் போனதும் மத்தியான சாப்பாட்ட அதுக்குப் போட்டுட்டு இருந்தியா?"

அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டவளாக விழித்தாள். "புது வண்டி. ஓவர்லோடு ஏத்த வேணாம்னு பாத்தேன்" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்கு மட்டும் இங்கேருந்து போக ஆசையா? நீ ஒரு பக்கம் ஏத்திட்டு வர்ற, நான் இந்தப் பக்கம் எடைய எறக்குனா சீக்கிரம் சரியாயிடும்ல?"

பஞ்சுவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உன்ன முழுசாத் தூக்கத்தான்க்கா நான் தெனமும் செத்துப் பொழைக்கிறேன். பாதி ஆளத் தூக்குறதுக்கு எனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

அக்கா தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே அழுத்திப் பார்த்தாள். அங்கே பஞ்சு இல்லை.

அன்று மாலை பஞ்சு தம்பிக்குப் போன் செய்து தானாகவே சொன்னாள். "பெரியக்கா விழுந்துட்டா. தூக்கி உக்கார வச்சிட்டேன்."

"யாரு?"

"நான்தான்டா."

 அவன், "நீயா?" என்று சிரித்தான். கூட்டிக்கொண்டு போகும் பேச்சை அன்று அவன் எடுக்கவில்லை.

அதன் பிறகு அக்கா கட்டிலில் சாப்பிடுவதில்லை. மேசையில், பஞ்சுவின் கண்ணெதிரே, தட்டு காலியாகும்வரை. பூனை கொஞ்ச நாள் வெளியிலிருந்து கத்திப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறப் பழகிக்கொண்டது.

குளிர் விட்ட ஒரு காலை, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பஞ்சு தரையில் கை ஊன்றும்போது அக்கா கூப்பிட்டாள். "அடியே, இந்தக் கண்ணாடி மூக்க அழுத்துதுடி. கொஞ்சம் தளத்திக் குடு."

பஞ்சு எழுந்து போய் அதைக் கழற்றினாள். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.